கடைசியா ஏறின ஆள்

யன்னலோரத்த எனக்கு விட்டுத் தந்தீங்களே அண்ணன், அதுக்கு ஒரு நொடி போடுறன், விடுகதை, அவிழுங்க பாப்பம். கடைசியா ஏறுறவன் முதல்ல இறங்குவான். முதல்ல ஏறினவன் கடைசியாத்தான் இறங்குவான். அது என்ன?

பஸ்ஸா? இல்ல. ஓம், பஸ்ஸுலயும் கடைசியா ஏறினவன் மிதிபலகையில தொங்கிட்டு நிண்டு முதல்ல குதிச்சிருவான்தான். நல்லாத்தான் யோசிக்கிறீங்க. ஆனா நான் கேட்ட அதில்ல. ஆறுதலா யோசிங்க. நீங்க திருக்கோவில், நான் அக்கரைப்பற்று. கல்முனையில எடுத்தா அக்கரைப்பற்றுக்கு இந்த பஸ் நாப்பது நிமிசம். நான் இறங்குறதுக்குள்ள நீங்க சொல்லாட்டி நானே சொல்லிருவன்.

என்ன, தொப்பியா? அட, இன்னும் தலையிலயா கிடக்கு! அதான் கண்டக்டர் டிக்கட் தரக்குள்ள ஒரு மாதிரிச் சிரிச்சான். மகள்ட ஸ்கூல்ல இண்டைக்கு இல்லங்களுக்கிடையில விளையாட்டுப் போட்டி அண்ணன். அவ சிவப்பு இல்லம். சிவப்புக் கடதாசியில தொப்பி ஒட்டி, வந்த வாப்பாமாருக்கெல்லாம் பிள்ளைகள் போட்டு விட்டாங்க. எனக்கு அம்ஹா போட்டு விட்டா. அம்ஹா, மகள்ட பேர். ஒம்பது வயசு. ஒரே பிள்ளை. கலியாணம் முடிச்சு ஆறு வருசம் இல்லாம இரிந்து கிடைச்ச பிள்ளை.

ஓம், வீடு மருதமுனையில. அங்க இருந்து கல்முனை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துதான் வந்தன். இந்த வெயிலுக்குள்ளதான். ஆட்டோ ஒண்டு இரிந்த, மச்சான்ட. ஏறுங்க ஏறுங்க எண்டு மச்சான், பொஞ்சாதி, மகள் மூண்டு பேரும் கூப்பிட்டாங்க. நான்தான் ஏறல்ல. டியூட்டிக்கு நேரம் இரிக்கி, நீங்க போங்க எண்டுட்டன். நான் அக்கரைப்பற்றுல ஒரு ஆஸ்பத்திரியில அற்றண்டன். ட்ரொலி தள்ளுற வேல. ரெண்டு மணிக்குத்தான் டியூட்டி.

சண்டையெல்லாம் இல்ல. சண்டையெண்டா நல்லம். மூண்டு கால் ஓட்டம் வெச்சாங்க, அதுதான் விசயம். தெரியும்தானே, பிள்ளைட ஒரு காலையும் பெரிய ஆள்ட ஒரு காலையும் சேத்துக் கட்டி ஓடுற. டீச்சர் என்ன சொல்லி விட்டிரிக்கா எண்டா, வீட்டுல இருந்து ஒரு ஆம்பிளை ஆள் வரணும், வாப்பாவோ மாமாவோ யாரெண்டாலும் சரி, பிள்ளைதான் ஆளத் தெரிவு செய்யணும் எண்டு. எங்கட ஆள் ரெண்டு பேரக் கூப்பிட்டுட்டா. என்னையும் கூப்பிட்டு, அவட மாமாவையும் கூப்பிட்டு, ரெண்டு பேருக்கும் தொப்பி போட்டு, ஓட்டம் தொடங்குற கோட்டடியில கொண்டு நிப்பாட்டி வெச்சிரிக்கா. மாமா எண்டா என்ட பொஞ்சாதி சுஹறாட காக்கா, நீங்க அண்ணன் எண்டுறது. நளீர் எண்டு பேர். அவன்தான் அந்த ஆட்டோக்காரன்.

யாரத் தெரிஞ்சாவெண்டா கேக்கிறீங்க? பொறுங்க. நளீரப் பத்திச் சொன்னாத்தான் விளங்கும். நளீருக்கு ஒரு கால் இல்ல.

சிரிங்க, சிரிங்க. அவனே சிரிப்பான். மூண்டு கால் ஓட்டத்துக்கு ஒத்தக் கால் மனிசன். இடது கால், முழங்காலுக்குக் கீழ இல்ல. பொய்க்கால் போட்டிரிக்கான். சாறன் உடுத்திட்டு நடந்தா உங்களுக்குத் தெரியா. ஆனா அவன் மறைக்கிற ஆளில்ல. மாங்காக் காலத்துல வந்து பாருங்க, காலக் கழட்டி மரத்துக்கு எறிஞ்சு மாங்கா விழுத்துவான். எங்கட ஒழுங்கைப் பொடியன்கள் கிரிக்கட் விளையாடக்குள்ள விக்கட் இல்லாட்டி அவன்ட கால்தான் விக்கட். அவன் திண்ணை ஒட்டுல குந்திக்கிட்டு, டேய், என்ட கால அவுட் ஆக்கிட்டானுகள் எண்டு கத்துவான். கால் எங்க மாமா போன எண்டு அம்ஹா சின்னதுல கேக்கக்குள்ள, முதலை கடன் வாங்கிட்டுப் போன மகள், திருப்பித் தரும் எண்டு சொன்னான். ரெண்டு வருசம் அத நம்பிட்டு இரிந்தா. இறக்காமத்துக்குக் கூட்டிட்டுப் போன நேரம் குளத்தடியில நிண்டு, மாமாட கால் எங்க எண்டு தண்ணியப் பாத்துக் கத்தினா. ஊரே சிரிச்ச.

நானும் சிரிச்சன். சிரிக்கத்தானே வேணும்.

உண்மையச் சொல்லட்டா? எனக்கு அவனப் பாத்தா எரியும் அண்ணன். நீங்க என்ன நினைச்சாலும் சரி. ரெண்டு காலும் உள்ளவன் ஒத்தக் காலுக்காரனப் பாத்து எரியிறத எங்கயாவது கேள்விப்பட்டிரிக்கீங்களா? வீட்டுல பாரைமீன் ஆக்கினா தலைத்துண்டு அவனுக்கு. அவன் வந்தாலும் வராட்டியும் சுஹறா எடுத்து மூடி வெச்சிருவா. காக்காக்கு எண்டுவா. நான் கேக்கல்ல, எனக்கு மீன்தலை விருப்பமும் இல்ல. ஆனா ஒரு நாளைக்காவது, உங்களுக்கு வேணுமா எண்டு கேக்கலாந்தானே? அம்ஹாக்கு சைக்கிள் பழக்கினது அவன். ஒத்தக் காலோட பின்னால ஓடி ஓடிப் பழக்கினான். நான் பழக்கின நேரம் ரெண்டு தரம் விழுந்தா, பொறகு என்னோட வரமாட்டன் எண்டுட்டா. குர்ஆன் ஓதி முடிச்ச அண்டைக்கு, ஹத்தம் எண்டு சொல்லுவம், இனிப்புத் தட்டத் தூக்கிட்டு ஓடின முதல் வீடு மாமா வீடு. அவனுக்குப் பிள்ளை இல்ல. அதால ஒண்டும் சொல்லவும் ஏலா.

இது காரைதீவுதானே? ஓம். சந்தியில ட்ரைவர் நிப்பாட்டுவான்.

கால் எப்பிடிப் போனெண்டா? ஷெல்லுல. நாங்க ரெண்டு பேரும் ஒரே காம்ப். ஓம்... ஆமிதான்.

தெரியும் அண்ணன். முகம் மாறும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னன். நீங்க தமிழாக்கள், வயசும் அந்த வயசு, உங்கட வீட்டுலயும் ஆரும் இரிந்திருப்பாங்க. நான் எந்தப் பக்கம் சரியெண்டு கதைக்க வரல்ல. வேலைக்குப் போனம். மூண்டு வேளை சோறு, மாசம் முடிஞ்சா சம்பளம். நான் மருந்துப் பெட்டி தூக்கின ஆள். காயம் பட்டவனக் கட்டி ஹெலியில ஏத்தி விடுறதுதான் என்ட வேல. வேற ஒண்டும் செய்யல்லையா எண்டு கேக்காதீங்க.

தம்பியா? உங்கட சொந்தத் தம்பியா?

இயக்கத்துலயா? எந்தக் காட்டுல காயம் பட்ட?

...ம். உங்கட ஆக்களுக்கு ஹெலி வராதுதான். ட்ராக்டர்ல போட்டுத்தான் கொண்டு போவாங்க எண்டு கேள்விப்பட்டிரிக்கன். பாதையும் இரிந்திருக்காது. சரி, நான் வாய மூடிட்டு இரிக்கட்டா அண்ணன்? வேற சீட்டுக்குப் போகட்டா?

வாணாமா? சொல்லவா?

சரி. வன்னிக்காட்டுல அண்ணன். பதினேழு வருசமாகுது. வானம் தெரியாத காடு. ஹெலி இறங்கணுமெண்டா மரம் வெட்டி வெளி எடுக்கணும். வெட்டி, அடிக்கட்டையெல்லாம் மண்ணோட சமனாக்கணும். ஒரு கட்டை முழங்கால் உயரத்துக்கு நிண்டாலும் இறக்க மாட்டன் எண்டு பைலட் திரும்பிப் போயிருவான். அண்டைக்கு மரம் வெட்டுற கூட்டத்துல நளீர் இரிந்தான். நான் வெளியிட ஓரத்துல நாலு காயக்காரனோட இரிந்தன். விடிஞ்சு, காலத்தால ஷெல் ஒண்டு வந்து விழுந்த. நளீருக்கு முழங்காலுக்குப் பின்னால. கால் இரிக்கி, ஆனா ரத்தம் பாயுது. நான்தான் ஓடிப்போய்த் தொடையில இறுக்கிக் கட்டினன். அப்பிடிக் கட்டினா ஒரு வழக்கம் இரிக்கி அண்ணன், கட்டின நேரத்த அந்த ஆள்ட நெத்தியில பேனையால எழுதணும். கடதாசியில எழுதினா துலைஞ்சு போகும், நெத்தி துலையாது. எழுதினன். ஏழு பத்து. அவன் அந்த நிலையிலயும் என்னடா, பரீட்சை நம்பரா எண்டு கேட்டான்.

ஆறு மணித்தியாலம். அதுதான் கணக்கு. கட்டி ஆறு மணித்தியாலத்துக்குள்ள டொக்டர்ட மேசைக்குப் போனா காலக் காப்பாத்தலாம். எங்களுக்குப் படிப்பிச்சது அது.

ஹெலி வந்த நேரம் பதினொண்டரையாகும். அதுக்கு முதல் வரல்ல, வரவும் ஏலா, சுத்திவர வெடி. நாங்க புகை கொளுத்திக் காட்டினம். அது இறங்கக்குள்ள நீங்க பாக்கணும், வெட்டிப் போட்ட இலையெல்லாம் எழும்பி முகத்துல அறையும். விசிறி நிக்காது. இறங்கி நிக்கிறதே நாலஞ்சு நிமிசம். பைலட் கண்ணாடிக்குள்ளால ஆறு விரல் காட்டுவான். ஆறு ஸ்ட்ரெச்சர், அதுக்கு மேல ஒரு ஆளும் ஏத்தாதே எண்டு. காயக்காரங்க அஞ்சு பேர். ஆறாவது நான்.

ஓம், எனக்கும் பட்ட. ஹெலி இறங்கிற சத்தத்துக்குள்ள இன்னொரு ஷெல் எங்கயோ விழுந்திரிக்கு, கேக்கவுமில்ல. வயித்துல எறும்பு கடிச்ச மாதிரி இரிந்த. கைய வெச்சா கை முழுக்கச் சிவப்பு.

இந்தா, நிந்தவூர் வந்துட்டு. இஞ்ச நிண்டானெண்டா அஞ்சு நிமிசம் நிப்பான்.

அதுக்குப் பொறகு நடந்தத நளீர் சொல்லிக் கேக்கணும் நீங்க. ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிரிக்கான். கலியாண வீட்டுல நாங்க சகன்ல சாப்பிடுறம் அண்ணன், பெரிய தட்டு ஒண்டச் சுத்தி ஆறு பேர். சகன் வந்து வெச்சாச் சரி, இறைச்சித் துண்ட என்ட பக்கம் தள்ளி விட்டுட்டுத் தொடங்கிருவான். இந்தா இரிக்கானே சாஜித், இவன்ட வயித்துல இருந்து ரத்தம் ஓடுது, இவன் நிண்ட நிலையில நிண்டு, எல்லாருக்கும் முதல் என்ன ஏத்தச் சொன்னான். இவர முதல்ல ஏத்துங்க, என்னக் கடைசியா ஏத்துங்க எண்டான். ஹெலிக்குள்ள முதல் ஆள் நான், கடைசி ஆள் இவன். இடமில்லாமப் போயிருந்தா இவன்தான் காட்டுல கிடந்திருப்பான். இப்பிடி ஒரு மனிசனப் பாத்திரிக்கீங்களா? அப்பிடி எண்டு கேப்பான். தட்டச் சுத்தி இரிக்கிற மத்த நாலு பேரும் என்னப் பாப்பாங்க. நான் சோத்தப் பாப்பன்.

ஓம், பெரிய மனசுதான். நீங்களும் சொல்றீங்க. எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க.

அந்தக் கதைக்குத்தான் எனக்குப் பொண் தந்தாங்க. ஆஸ்பத்திரியில கிடந்துக்கிட்டே நளீர் சொல்லிட்டான், என்ட தங்கச்சிய இவனுக்குத்தான் எண்டு. எங்கட பக்கம் மாப்பிள்ளை பொண் வீட்டுக்குப் போறதுதான் அண்ணன், உங்களுக்கும் அப்பிடித்தானே. காக்காமார்தான் தங்கச்சிக்கு வீடு கட்டிக் குடுக்கணும். நளீர் கட்டினான். எதால கட்டினான் தெரியுமா? கால் போனதுக்கு அரசாங்கம் குடுத்த காசால. சீமெந்து, கல், ஓடு, எல்லாம் அது. அவன்ட கால்ல கட்டின வீட்டுக்குள்ளதான் நான் பதினஞ்சு வருசமாப் படுத்து எழும்புறன். மழைக்கு ஒழுகினாலும் எனக்கு ஓடு மாத்தக் கை வராது. அவனே ஏறி மாத்துவான். ஒத்தக் காலோட, கூரையில. கீழ நிண்டு ஏணியப் பிடிக்கிறது நான். ஒழுங்கையால போறவங்க அவனப் பாத்துத்தான் ஸலாம் சொல்லிட்டுப் போவாங்க.

என்ட காயமா? காட்டவா? இஞ்ச பாருங்க. இதுதான். அந்தா, தொப்புளுக்குப் பக்கத்துல. தெரியல்லையா? வெளிச்சம் பக்கம் திரும்புறன், இப்ப? ஓம், அவ்வளவுதான். நாலு தையல். தோலுக்குக் கீழ நிண்டிரிக்கி, புளியங்கொட்டை அளவுத் துண்டு. உள்ளுக்குப் போகல்ல. ஒரு நாள் அம்ஹா கேட்டா, மாமாக்கு கால் போன, உங்களுக்கு எங்க வாப்பா பட்ட எண்டு. சேட்டத் தூக்கிக் காட்டினன். கிட்ட வந்து பாத்தா. விரல் வெச்சுப் பாத்தா. அம்மை போட்ட தழும்பா எண்டு கேட்டா. பொறகு ஓடிப்போய் மாமாட கால எடுத்துத் தோள்ல வெச்சிக்கிட்டுத் துவக்கு மாதிரி விளையாடினா. அண்டைக்கு எனக்கு வந்த எரிச்சல், அல்லாஹ் மன்னிக்கணும். கால் போனது எனக்கெண்டா அந்தக் கால் என்ட மகள்ட தோள்ல இரிந்திருக்கும் எண்டு நினைச்சன். பாத்தீங்களா, என்ன மாதிரிப் புத்தியெண்டு? கால் இல்லாததுக்குப் பொறாமப்படுற ஒருத்தன இந்த பஸ்ஸுல நீங்க கண்டிரிக்கீங்க.

அது மட்டுமில்ல. அவன் என்னப் பத்தி நல்லா நினைக்கிறானே, அதுக்கும் எனக்குப் பொறாம. அப்பிடி நினைச்சிக்கிட்டு நிம்மதியாத் தூங்குறான். எனக்கு என்னப் பத்தி அப்பிடி நினைக்க ஏலா.

ஏன் எண்டா... நொடிய மறந்துட்டீங்க அண்ணன். அவிழ்க்கவே இல்ல.

சரி, நானே சொல்றன். ஹெலியில ஸ்ட்ரெச்சர் ஏத்துற முற அது. ஒரே ஒரு கதவுதான் பாவிக்கிற. முதல்ல ஏத்துற ஸ்ட்ரெச்சர் உள்ளுக்கு, அங்கால கரைக்குப் போயிரும். கடைசியா ஏத்துற ஸ்ட்ரெச்சர் கதவடியில நிக்கும். ஆஸ்பத்திரியில போய் இறங்கினா, கதவத் திறந்த உடன வெளிய எடுக்கிறது அதத்தான். முதல்ல ஏறினவன் கடைசியாத்தான் வெளிய வருவான். அதால ஆகப் பெரிய காயக்காரனக் கடைசியாத்தான் ஏத்தணும். அவன்ட கையில சிவப்புத் துணி கட்டி விடுவம். சிவப்பெண்டா கதவடி. தூக்குற பொடியன்களுக்கு வேற ஒண்டும் தெரியத் தேவையில்ல, மருந்துக்காரன் கைய நீட்டுற ஆள முதல்ல தூக்குவானுகள். வெளியில இருந்து பாக்கிறவனுக்கு, முதல்ல ஏத்தினவனத்தான் கவனிக்கிறாங்க எண்டு தெரியும். நளீருக்கும் அப்பிடித்தான் தெரிஞ்ச. அவன் மரம் வெட்ட வந்தவன், அவனுக்கு இந்த முற தெரியா. யாரும் சொல்லவும் இல்ல.

ஓம்.

ஓம் அண்ணன். விளங்கிட்டு என்ன?

நளீர்ட கையில சிவப்புத் துணி கட்டினவன் நான்தான். ஏழு பத்துக்கே கட்டிட்டன். அவன்தான் கதவடிக்குப் போக வேண்டிய ஆள். வயித்துல கை வெச்சுப் பாத்த பொறகு பெட்டியில இருந்து இன்னொரு சிவப்புத் துணி எடுத்து என்ட கையில நானே கட்டினன். பல்லால இழுத்து முடிச்சுப் போட்டன். பொடியன்கள் என்னப் பாத்தானுகள், ரெண்டு சிவப்பு, கதவடி ஒண்டுதான். சிங்களத்துல ரெண்டு வசனம் சொன்னன். இவர முதல்ல, உள்ளுக்கு. என்னக் கடைசியா. நளீர் சொல்ற கதையில ஒரு சொல்லும் பொய்யில்ல அண்ணன். நான் சொன்னது அதேதான்.

பயந்துட்டன். வயித்துக்குள்ள போன துண்டு என்ன செய்யும் எண்டு பாத்துப் பாத்துப் பழகின கண்ணு. ஒண்டும் தெரியாதவனெண்டா தைரியமா இரிந்திருப்பன்.

நாப்பது நிமிசம் பறந்தம். கல்முனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எண்டு வெச்சிக்குங்களன். நான் கதவடியில படுத்திருந்தன், நல்ல காத்து. உள்ளுக்கு இருந்து நளீர் என்ட பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். சாஜித் இரிக்கியா, சாஜித் இரிக்கியா எண்டு. இரிக்கன், இரிக்கன் எண்டன். அங்க போய் இறங்கக்குள்ள பன்னிரண்டே கால். காலத்தால இருந்து காயக்காரங்க வந்து குவிஞ்சு கிடந்தாங்க, வெறுமையா இரிந்தது ஒரே ஒரு மேசை. அதுல என்னப் போட்டாங்க. துண்டத் தேடி எடுத்து, உள்ளுக்குப் போகல்ல எண்டு நிச்சயம் பண்ணி, நாலு தையல் போட முக்கா மணித்தியாலம். நளீர வெளிய எடுத்து, வரிசையில வெச்சு, மேசைக்குக் கொண்டு போகக்குள்ள ஒண்டே முக்கால். ஏழு பத்துல இருந்து கூட்டிப் பாருங்க. டொக்டர் அவன்ட நெத்தியப் பாத்துட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா எண்டு சொன்னத நான் பக்கத்துல கிடந்து கேட்டன். நல்லாக் கேட்டன்.

இல்ல. ஒருத்தருக்கும் சொல்லல்ல. சுஹறாக்கும் சொல்லல்ல. உங்களுக்கு ஏன் சொன்னன் எண்டு தெரியா. நீங்க தம்பிட கதையச் சொன்னீங்க, அதால இருக்கும். திருக்கோவிலுக்குப் போயிருவீங்க, இனி எங்க காணப் போறம். திட்டுறதெண்டாத் திட்டுங்க, இன்னும் ரெண்டு பஸ் ஹோல்ட் இரிக்கி.



அட்டாளைச்சேனை தாண்டிட்டம். பையக் கொஞ்சம் எடுத்துத் தாறீங்களா? நன்றி. தொப்பி? வெச்சிக்குங்க, உங்கட பேரப்பிள்ளைக்குக் குடுங்க. இல்ல, நசிஞ்சு போய்ட்டு, வாணாம், தாங்க.

ஓ, அதச் சொல்லல்ல என்ன. ஓட்டம். கோட்டடியில நாங்க ரெண்டு பேரும் நிக்கிறம். அம்ஹா கையில துணி. கால் கட்டுறதுக்கு டீச்சர் குடுத்த, இல்லத்து நிறம், சிவப்பு. அத வெச்சிக்கிட்டு என்னையும் பாக்கிறா, அவனையும் பாக்கிறா. அவனையும் ஏன் கூப்பிட்டாவெண்டு கேட்டா சிரிக்கிறா. நான் காலத்தாலயே சப்பாத்துப் போட்டுட்டுப் போனன் அண்ணன், ஓடுறதுக்கெண்டு. ரெண்டு நாள் விடிய கடற்கரையில ஓடியும் பாத்தன், ஒருத்தருக்கும் தெரியாம. ஒத்தக் காலுக்காரனோட என்ன பயம் எண்டு நினைச்சன். இண்டைக்காவது அவ என்னத்தான் தெரிவா எண்டு நிச்சயமா இரிந்தன்.

நளீரே சொன்னான். மகள், வாப்பாவக் கூட்டிட்டுப் போ, வாப்பாக்குத்தான் ரெண்டு கால், மாமாவோட ஓடினா மூண்டு கால் வராது, கணக்குப் பிழைச்சிரும் எண்டான். அங்க நிண்ட ஆக்களெல்லாம் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சா.

அம்ஹா சிரிக்கல்ல. துணிய விரிச்சுப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னா, வாப்பா கோவிக்க மாட்டார், வாப்பா எப்பவும் மாமாவத்தானே முதல்ல விடுவார் எண்டு.

ஏழாவதா வந்தாங்க. எட்டுச் சோடி ஓடின.

இறக்கம், கண்டக்டர், இஞ்ச இறக்கம்! வாறன் அண்ணன்.

ஓம். மாமாவத்தான் தெரிஞ்சா. பொய்க்கால்ல கட்டிட்டு ஓடினா.